கண்ணாடியில் தெரியாத இடம்

பதினோரு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவளுக்குத் தலை எண்ணும் பழக்கம் உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. சாவியைத் திருகுவதற்கு முன் உள்கண்ணாடியில் ஒரு பார்வை. பதினாலு தலையும் இருந்தால்தான் வண்டி நகரும். ஒரு தலை குறைந்தால், அது சீட்டுக்கடியில் பென்சில் தேடிக்கொண்டிருந்தாலும் சரி, நிமிர்கிற வரை வேன் அங்கேயே நிற்கும்.

பள்ளிக்கூடம் வேன்களை விற்றுவிட்டுப் பெரிய பஸ்களை வாடகைக்கு எடுத்தது. அவளுக்கு வேலை போயிற்று. கனரக லைசென்ஸ் கையில் இருந்ததால் இரண்டு மாதத்தில் ஊருக்கு வெளியே இருந்த சரக்கு யார்டில் கூப்பிட்டார்கள்.

"டிரெய்லர் ரிவர்ஸ் எடுத்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள் யார்டின் மேற்பார்வையாளர். இவளைவிடப் பத்து வயதாவது இளையவள். வாக்கி டாக்கியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல்.

"எடுத்ததில்ல. கத்துக்குவேன்."

வாய் சொல்லிவிட்டது. வயிற்றைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

யார்டு என்பது வெறும் சிமென்ட் வெளிதான். ஒரு பக்கம் நீளமான கிடங்கு, அதில் முப்பத்திரண்டு கதவுகள். எதிர்ப்பக்கம் வரிசை வரிசையாக டிரெய்லர்கள், முன்பக்கத்தை இரண்டு இரும்புக் கால்களில் ஊன்றிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து வரும் லாரிகள் டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டுப் போய்விடும். அதைக் கதவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், சரக்கு இறங்கியதும் திரும்ப வரிசைக்குக் கொண்டுவருவதும்தான் இவள் வேலை. அதற்கென்று மூக்கறுபட்ட மாதிரி ஒரு குட்டி இழுவை வண்டி. ஒரு ஆள் மட்டும் உட்காரலாம். முதுகில் ஓர் இரும்புத் தட்டு. டிரெய்லருக்கு அடியில் பின்னோக்கிப் போனால் அதன் ஆணி தட்டின் பூட்டுக்குள் விழும். பிறகு தட்டை உயர்த்தினால் டிரெய்லரின் முன்கால்கள் ஒரு சாண் தரையை விட்டு எழும். அவ்வளவுதான். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், அவ்வளவுதான் என்று.

முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள், வேன் அக்கா என்று.

வேனில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். இங்கே பின்னால் எடுக்கும்போது வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போனது. கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் முறுக்கிக்கொண்டு நின்றது. அப்படி முறுக்கும்போது ஒரு பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் சுவர் மட்டுமே தெரியும். அந்தச் சுவருக்கு அப்பால் யார் நிற்கிறார்கள், யார் குனிந்து ஷூ கட்டுகிறார்கள், எதுவும் தெரியாது. பதினாலு மீட்டர் நீளப் பெட்டிக்குப் பின்னால் உலகத்தில் பாதி மறைந்துபோனது போல் இருந்தது அவளுக்கு.

வேறு வழி தெரியாமல் இங்கேயும் எண்ண ஆரம்பித்தாள். காலை ஷிப்டில் வெளியே நடமாடுகிறவர்கள் ஆறு பேர். ஆறு மஞ்சள் சட்டைகளும் கண்ணில் படுகிற வரை நகரமாட்டாள். படவில்லையென்றால் இறங்கிப் பின்னால் நடந்து போய்ப் பார்ப்பாள். மற்ற ஓட்டுநர்கள் நாற்பது தடவை இழுக்கிற நேரத்தில் இவள் இருபத்திரண்டு.

"அக்கா, வண்டி ஓட்டுற நேரத்தைவிட நடக்கிற நேரம் அதிகமா இருக்கு. வண்டிய விட்டுட்டு டிரெய்லர தோள்ல தூக்கிட்டு வந்துடுங்களேன்" என்று வாக்கி டாக்கியில் குரல் வரும். பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்கும்.

வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியலில் போய் மதியம் திரும்பிவிடுவார். இவள் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது, "எப்படிப் போச்சு?" என்பார். "ஜோரா போச்சு" என்பாள். மகள் மட்டும் ஒருநாள், "அம்மா, சாப்பிடும்போதும் ஏன் தட்ட ஓரக்கண்ணால பாக்கற?" என்று கேட்டாள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே இவள் மனசுக்குள் மஞ்சள் சட்டைகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. காலையிலேயே பதினோரு லாரிகள் ஒன்றாக வந்து வாசலில் நின்றன. வாக்கி டாக்கி ஓயவில்லை. "பத்தொம்பதாம் கதவு காலி பண்ணுங்க. வேன் அக்கா, எங்க இருக்கீங்க? பத்தொம்பது, பத்தொம்பது!"

அவள் பத்தொன்பதாம் கதவில் நின்ற டிரெய்லருக்கு அடியில் பின்னோக்கிப் போனாள். டக் என்று சத்தம் கேட்டது. தட்டை உயர்த்தினாள். கேபினின் பின்கதவைத் திறந்து டிரெய்லர் பிரேக்குக்கான காற்றுக் குழாய்களை மாட்டினாள். அடுத்து, பூட்டு விழுந்ததா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு கழலாமல் வருகிறதா என்று முன்னால் ஒரு வெட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். தினமும் செய்கிறதுதான்.

"அக்கா, பத்தொம்பது என்னாச்சு!"

சத்தம் கேட்டதே, போதும் என்று கிளம்பிவிட்டாள்.

வரிசைகளில் நடந்து டிரெய்லர் நம்பர்களைக் குறித்துக்கொள்கிற செக்கர் அப்போது அவள் டிரெய்லரின் முன்மூலையில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், காதில் எப்போதும் ஒரு பேனா. அவள் நகர்வதைப் பார்த்து அவரும் அதே பக்கமாக நடந்தார். அதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவரையும் சேர்த்து ஆறு பேர். பத்தடி போனதும் சக்கரம் ஒரு வடிகால் மூடியில் ஏறி இறங்கியது. குலுக்கலில் வண்டி திடீரென்று லேசானது. பின்னால் இருந்த கனம் எங்கோ போய்விட்டது.

பிறகு வந்த சத்தத்தை அவள் காதால் கேட்டாளா உடம்பால் கேட்டாளா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. டிரெய்லரின் முன்பக்கம் சிமென்டில் இறங்கியது. ஒரு பக்கக் கால் குச்சி மாதிரி மடங்கிப் பெட்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. அறுந்த காற்றுக் குழாய் சீறிக்கொண்டு கேபினின் முதுகை அடித்தது. பெட்டி சாய்ந்தது செக்கர் நடந்த பக்கம்.

அவள் பிரேக்கை மிதித்தாள். கண்ணாடியில் புழுதி. இறங்க வேண்டும் என்று காலுக்குச் சொன்னாள். கால் கேட்கவில்லை. நாலா பக்கமிருந்தும் மஞ்சள் சட்டைகள் ஓடி வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அஞ்சு. அவர் பெண்டாட்டிக்கு யார் போய்ச் சொல்வார்கள், நான்தான் போக வேண்டுமா, என்னவென்று சொல்வேன் என்று அந்தப் புழுதி அடங்குவதற்குள் அவள் மனம் ஒரு முழு வீதியை நடந்து, தெரியாத ஒரு கதவைத் தட்டிவிட்டது.

"அண்ணே!" என்று கத்தினாள். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்ததால் அது அவளுக்கே திரும்பி வந்தது.

சாய்ந்த டிரெய்லருக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் சட்டை எழுந்து நின்றது. தலையெல்லாம் வெள்ளைப் புழுதி. காதில் பேனா இல்லை. அவர் இரண்டடி தள்ளிப் பாய்ந்து விழுந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே. நாலடி நடந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு வாய்க்கு வந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் டிரெய்லரைப் பார்த்துச் சொன்னார்.

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை இனிமையான வசவை அவள் கேட்டதே இல்லை.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் கதவைச் சாத்தினாள்.

"இழுத்துப் பாத்தீங்களாக்கா?"

"இல்ல."

"டார்ச் அடிச்சு?"

"இல்ல. நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. ஆனா பாக்காதது நான்தான்."

மேற்பார்வையாளர் ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். "ரெண்டையும் எழுதிக் குடுங்க. நான் கூப்பிட்டதையும் எழுதுங்க" என்றாள். பிறகு, "திங்கக்கிழமை வாங்க. இப்ப வீட்டுக்குப் போங்க" என்றாள்.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "போகாத. இனிமே அந்தப் பக்கமே போகாத" என்றார்.

அவர் தட்டிக்கொடுத்து அனுப்பி வைப்பார் என்று நினைத்திருந்தாள். இவ்வளவு சட்டென்று பதில் வந்ததில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏங்க, இதச் சொல்ல காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"மூணு வாரமா மத்தியானம் கண்ண மூடுனா போதும், போன் அடிக்கிற மாதிரியே இருக்கு. எடுத்துப் பாத்தா ஒண்ணும் இருக்காது. நீ ஜோரா போச்சு, ஜோரா போச்சுங்கற. முகத்தப் பாத்தா அப்படியா இருக்கு?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. வேலையை விடப் போகிறேன் என்று சொல்லத்தான் போனாள். மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்துப் பையில் வைத்திருந்தாள்.

அலுவலகத்துக்குப் பக்கத்து ஓய்வறையில் செக்கர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆறிப்போன டீ.

"அவரு ஆறு மணியிலருந்து இப்படியேதான்" என்றாள் மேற்பார்வையாளர். "நோட்ட எடுக்கிறாரு, கதவு வரைக்கும் போறாரு, திரும்பி வந்து உக்காந்துக்கிறாரு."

வேன் அக்கா அவர் எதிரே போய் நின்றாள்.

"கை எப்படிண்ணே இருக்கு?"

"கை கெடக்குது. கால்தான் வெளிய போகமாட்டேங்குது." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இருபது வருஷமா இந்த வண்டிங்களுக்கு நடுவுல நடக்கிறேன். ஒருநாள் கூட யோசிச்சதில்ல. இப்ப இஞ்சின் சத்தம் கேட்டாலே உடம்பு உதறுது. உன்னாலதான்."

"ஆமாண்ணே. என்னாலதான்."

"என்ன பையி அது?"

"சட்டை. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு."

"நல்லா இருக்கே! என்னைப் பயமுறுத்திட்டு நீ வீட்டுக்குப் போயிடுவே. நாளைக்கு எவனோ ஒரு புதுசு வருவான். பயமே இல்லாம சர்ருனு ஓட்டுவான். அவன் முன்னாடி நான் நடக்கணுமா?" கோபமா பயமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக யார்டைப் பார்த்தாள். பிறகு அவள்தான் கேட்டாள்: "நான் இஞ்சினை நிறுத்தி, இறங்கி வந்து, சாவிய உங்க கையில குடுத்தா வருவீங்களா? நீங்க நம்பர் எழுதி முடிச்சு, தள்ளி வந்து திருப்பிக் குடுத்தாதான் வண்டி நகரும்."

அவர் அவள் பையைப் பார்த்தார். "உன் கிட்ட வேற சாவி இருக்கா?"

"இல்லண்ணே."

"பைய உதறிக் காட்டு."

உதறிக் காட்டினாள். மஞ்சள் சட்டையும் ஒரு சீப்பும் விழுந்தன. அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்த வாரம் ஒரு நாளைக்குப் பதினெட்டு டிரெய்லர்தான் இழுத்தாள். மேற்பார்வையாளர் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள், ஆனால் வாக்கி டாக்கியில் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் டார்ச், ஒவ்வொரு தடவையும் ஒரு வெட்டு இழுப்பு, சில தடவை இரண்டு. செக்கர் சாவியைப் பிடித்த பிடியில் அது வேர்வையில் நனைந்து திரும்பி வரும். மூன்று மாதத்தில் அவர், "போதும், நீ வண்டியிலயே இரு, கைய மட்டும் ஜன்னலுக்கு வெளிய காட்டு" என்றார். அவள்தான் கேட்கவில்லை. இறங்கி வந்து கொடுத்தாள்.

சாவி விஷயத்தைக் கேட்ட பிறகு கணவரும் போகாதே என்று சொல்லவில்லை. வீட்டில் ஜோரா போச்சு என்பதை நிறுத்திவிட்டாள். "இன்னிக்கு ஏழாம் கதவுல பயந்துட்டேன்" என்பாள். கணவர், "அப்புறம்?" என்பார். மதியத் தூக்கம் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

இப்போது அங்கே அவளுக்கு ஐந்தாவது வருஷம். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து இழுக்கிறாள். அதற்குமேல் போனதில்லை, போக விரும்பியதும் இல்லை. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே, பக்கத்துக்கு ஒரு முழம் இடைவெளியில், ஒரே மூச்சில் பின்னால் எடுத்துவிடுவாள். பார்க்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் டக் என்ற சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பயம் வருகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள்.