சொந்தப் புத்தி உள்ள கம்ப்யூட்டர்

பெங்களூர் அடுகோடி வீட்டில் சாப்பாட்டு மேசை முன் நான் உட்கார்ந்தால் நான்தான் கம்ப்யூட்டர். பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அண்ணி கொடுத்த உத்தியோகம் அது.

அண்ணி ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். வீடு வீடாகக் கேட்டு வரும் பதில்களைக் கையால் கூட்டி அட்டவணை போடும் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அதற்கு ஒரு மென்பொருள் வந்தது. அதில் புரோகிராம் எழுதக் கற்றவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மென்பொருள் இருந்ததோ ஒரே மெஷினில். அதன்முன் எப்போதும் கூட்டம். அதனால் அண்ணி பழைய பிரிண்ட் அவுட்டின் பின்பக்கம் பென்சிலால் புரோகிராம் எழுதுவார். நான் வரி வரியாக அதன்படி கணக்குப் போட்டு விடை சொல்ல வேண்டும்.

அதுவரை அவர் ஓரிடத்தில் நிற்க மாட்டார். குக்கரை இறக்குவார், ஜன்னலைச் சாத்துவார், மறுபடி திறப்பார். “ஆச்சா? யோசிக்காதடி, எழுதுனத மட்டும் செய். மெஷினுக்கு மூளை கெடயாது.” அந்தப் படபடப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலைக்கு வந்து எத்தனையோ கம்ப்யூட்டர் மொழிகள் கற்றாகிவிட்டது. புதிதாக ஒன்று என்றால் இப்போதும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன், மறுபடி திறக்கிறேன்.

ஆபீசில் தேர்வு வைத்த நாளில் சோப்பு வாங்கும் பெண்களின் சராசரி வயதைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணியின் புரோகிராம் தடங்கலில்லாமல் ஓடி, அறுபதுக்கு மேல் ஒரு விடை தந்தது. “ஏன்ரீ, சோப்பு வாங்கறவங்க எல்லாம் அஜ்ஜிங்களா?” என்றாராம் கன்னட மேனேஜர்; அஜ்ஜி என்றால் பாட்டி. அறையே சிரித்ததாம்.

வயது சொல்லாதவர்களுக்கு 99 என்று போடுவது அங்கே வழக்கம். நம் பெண்களில் பாதிப் பேர் எங்கே வயது சொல்கிறார்கள்? கையால் கூட்டும்போது அண்ணியின் கண் தானாகவே 99-ஐத் தாண்டிவிடும். அதை ஒதுக்கென்று மெஷினுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. வீட்டில் நானும் சொல்லாமலே தாண்டியிருந்தேன்.

“லிஸ்ட்ல என் பேரு இல்லடி,” என்று வீட்டுக்கு வந்து பையைப் போட்டார். பிறகு, “அதத் தாண்டுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல அண்ணி. அது வயசு மாதிரி தெரியல.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“புதுசா ஆள் எடுக்கறாங்க,” என்றார். “நாளைக்கு நீ போ.”

எனக்கு அழுகை வந்தது. மறுநாள் அவருடைய புடவையையே கட்டிவிட்டார். போனேன். அவர் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன்.