கணித ரீச்சரின் அமானிதம்

விஞ்ஞான சேர் செய்த அந்த மின்மணிக்கு அழகு என்று எதுவும் கிடையாது. பால்மா டின்னின் மூடிதான் மணி. ஒரு பலகைத் துண்டில் ஆணியைச் சுற்றிய செப்புக் கம்பி, கறுப்பு டேப்பால் இறுக்கிக் கட்டிய பற்றரிகள், சிவப்பும் நீலமுமாக இரண்டு வயர், யாரோ வீசிய கதவுமணியிலிருந்து கழற்றிய ஆளி. ஆளியை அழுத்தினால் மூடி அதிரும், கடைசி வாங்கில் தூங்குகிறவனும் எழும்பிவிடுவான். மின்காந்தம் படிப்பிக்கிற கிழமை வந்தால் சேர் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். சிரிப்பாக இருக்கும். இன்றைக்கு அந்த மணியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். குருக்கள்மடத்துத் துறையிலிருந்து வாவியைக் கடக்க வேண்டும். இயந்திரம் பூட்டிய பெரிய மிதவையை எங்கள் ஊரில் 'பாதை' என்பார்கள். மோட்டார் சைக்கிள், உர மூட்டை, வட்டைக்கு வயல் வேலைக்குப் போகிறவர்கள், உத்தியோகத்தர்கள் எல்லாம் அதில்தான். வரலாறு படிப்பிக்கிற நான், விஞ்ஞான சேர், காத்தான்குடியிலிருந்து பஸ் ஏறி வருகிற கணித ரீச்சர் மூவரும் ஒரே பக்கக் கம்பியைப் பிடித்தபடி தினமும் கடப்போம். கடக்கிற நேரம் முழுவதும் சேருக்கும் ரீச்சருக்கும் ஒரே வழக்குத்தான்.

சேர் கடவுள் இல்லை என்கிற கட்சி. கோயில் திருவிழாவுக்குப் பள்ளிக்கூடம் சோடித்தால் அன்றைக்கு லீவு போடுகிற அளவுக்குப் பிடிவாதம். "இந்த மதங்கள் இல்லாட்டி உலகத்தில அரைவாசிச் சாவு நடந்திருக்காது ரீச்சர்" என்று தொடங்குவார். கணித ரீச்சர் முக்காட்டைக் காற்றுக்கு இறுக்கிக்கொண்டு, "மேல ஒருத்தன் பாக்கிறான் எண்டு பயமில்லாதவன்தான் சேர் எதையும் செய்வான்" என்பார். நான் சங்கடம் வந்தால் மட்டும் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கிறவள். எந்தப் பக்கமும் சேராமல் பார்த்துக்கொண்டிருப்பேன். படிப்பிக்கிற பாடமோ யார் யாரை எதற்காகக் கொன்றார்கள் என்பதுதான். பரீட்சைக்குக் காரணங்களை இலக்கமிட்டு எழுதச் சொல்வேன். என் சொந்த ஊரில் நடந்தவற்றுக்கு மட்டும் என்னால் ஒரு காரணமும் எழுத முடியாது.

ஒருநாள் தோடம்பழம் உரித்து எங்களுக்குப் பங்கு வைத்தபடியே ரீச்சர் சொன்னார்: "எங்கட வாப்பா பள்ளிவாசல்ல சுஜூதுல இருக்கக்குள்ளதான் சேர் சுட்டாங்க. நெத்தி நிலத்தில பட்டபடியே போயிட்டார். நான் அப்ப சின்னப் புள்ள. சுட்டவங்க இயக்கப் பொடியன்மார், எந்தக் கடவுளையும் கும்பிட்டு வந்தவங்க இல்ல." குரல் கொஞ்சமும் மாறவில்லை. சேர் தோடம்பழச் சுளையைத் தின்னாமல் கரை வரும்வரை கையிலேயே வைத்திருந்தார். ஆனால் அவர் தோற்கிற ஆளா? அடுத்த நாள் பதிலோடு வந்தார். "யோசிச்சுப் பாத்தன் ரீச்சர். அதுவும் ஒரு மதந்தான். கடவுள் இருக்கிற இடத்தில மண்ணை வச்சாங்க, அவ்வளவுதான்." ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப ஆர் எதுக்காகக் கொலை செய்தாலும் மதம் எண்டிருவீங்க. உங்கட கணக்கு எப்பவும் உங்களுக்குச் சரியாத்தான் வரும் சேர்." அவருக்கு அப்படிச் சிரிக்க எப்படி முடிந்தது என்று அன்று நான் வியந்தேன். இவர்கள் இரண்டு பேரும் இப்படிச் சண்டை போடும்வரைக்கும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றொரு தைரியமும் வந்தது. அந்தத் தைரியம் எவ்வளவு அற்பமானது என்பது பிறகு தெரிந்தது.

பண்டிகை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற கிழமையில் சேரின் மணி பழுதாகிப்போனது. ரீச்சரின் வீட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற கடை ஒன்று இருந்தது. "கொண்டுபோய்க் காட்டுங்க ரீச்சர், பள்ளி தொடங்கக்குள்ள கொண்டு வாங்க" என்று கொடுத்துவிட்டார். அந்த விடுமுறையில்தான் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. தொழுகிறவர்கள் மத்தியில், உயிர்த்த ஞாயிறுக்குப் புது உடுப்புப் போட்ட பிள்ளைகள் மத்தியில். செய்தவர்கள் கடவுளின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்கும் மூச்சு ஒழுங்காக வரவில்லை. மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தத்துக்கும் ஆட்கள் குனிந்தார்கள். குண்டு வைத்தவர்களின் தலைவனுக்குச் சொந்த ஊர் என்பதால் காத்தான்குடி என்ற பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்தினார்கள். ரீச்சர் ஒருமுறை தொலைபேசியில் பேசினார். "வெளிய இறங்க வெக்கமா இருக்கு கா. பயமாவும் இருக்கு. எது கூட எண்டு தெரியல்ல" என்றார்.

பள்ளிக்கூடம் திரும்பவும் தொடங்கிய நாளில் அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். கறுப்பு ஹபாயாவை விட்டுவிட்டு நீளச் சட்டையும் வெளிர்நிற முக்காடுமாக வந்தார். தோளில் வழக்கத்தைவிடப் பெரிய பை. வீட்டுக்காரர் அந்த மணியைக் கொண்டுபோக வேண்டாம் என்று மன்றாடியிருக்கிறார், அதைப் பிற்பாடுதான் அறிந்தேன். ரீச்சர் கேட்கவில்லை. அவருடைய மார்க்கத்தில் ஒருவர் நம்பிக் கொடுத்த பொருளை 'அமானிதம்' என்பார்கள். சொன்ன தவணைக்கு அதை உரியவரிடம் சேர்க்காவிட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சையும் கிட்டியிருந்தது. அதனால் மணியைப் பேப்பரில் சுற்றி, அதன் மேல் துணியைச் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்சம் கடவுள் பயம் குறைந்திருந்தால் அன்றைக்கு அவர் தப்பியிருப்பார்.

சந்தியில் ஆமிக்காரர் ஆண்களின் பையையெல்லாம் திறந்து பார்த்தார்கள். பெண்களின் பையைப் பார்க்கப் பெண் சிப்பாய் இன்னும் வரவில்லை என்று எங்கள் இருவரையும் அப்படியே விட்டார்கள். பாதையில் ஏறினோம். சேர் எங்களுக்கு முன்னமே வந்து கம்பியோரம் நின்றார். ரீச்சர் அவரிடம், "உங்கட சாமானும் வந்திருக்கு சேர். இண்டைக்கு வழக்கில நீங்கதான் வெண்டிருக்கிறீங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சேர் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். சுற்றிலும் ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழக்கமாக நெருக்கியடிக்கிற பாதையில் எங்களைச் சுற்றி மட்டும் இடம் கிடந்தது.

நடு வாவியில் ஒரு அலைக்குப் பாதை ஆடியது. ரீச்சரின் பை தோளிலிருந்து நழுவிச் சரிந்தது. துணி விலகி வயர் வெளியே தெரிந்தது. சிவப்பும் நீலமும்.

"பைக்குள்ள வயர் கிடக்கு டோய்!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. ஆட்கள் எல்லாரும் எங்களை விட்டு மறுபக்கம் ஓடியதால் பாதை அந்தப் பக்கம் சரிந்தது. "இவட பையச் செக் பண்ணல்ல, நான் கண்டன்" என்றது ஒரு குரல். "தண்ணிக்குள்ள தள்ளுங்கடா" என்றது இன்னொன்று. அதைச் சொன்ன பொடியன் சாமியாவது பூதமாவது என்று திரிகிறவன். ரீச்சரின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தவர் நெற்றியில் அம்மன் கோயில் திருநீறு இருந்தது, மணிக்கட்டில் கோயில் சடங்குக்குக் கட்டிய காப்பு நூல் இருந்தது. அவரே மற்றக் கையால் ரீச்சரின் முக்காட்டை இழுத்தார். அது ஊசியோடு கிழிந்து வந்தது. ரீச்சர் கத்தவில்லை. சேரைப் பார்த்தார். சேரை மட்டுமே பார்த்தார்.

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. 'உங்கட சாமான்' என்று அவர் சொன்னதும் அந்த நேரம் மண்டைக்குள் ஏறவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.  பாதையில் அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் சேர். அவருடைய வாய் திறந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவ்வளவு பேச்சுப் பேசிய மனிசன், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார்.

யாரோ பையைப் பிடுங்கித் தூக்கினார்கள், வாவிக்குள் வீசுவதற்கு. அந்த இழுபறியில் ஆளி அழுந்தி அப்படியே இறுகிவிட்டது. மணி அடித்தது.

இரண்டு பேர் தண்ணீருக்குள் குதித்தார்கள். மற்றவர்கள் பலகையோடு பலகையாக விழுந்தார்கள். நானும் விழுந்தேன், காதைப் பொத்திக்கொண்டு. பொத்திய கைக்குள்ளும் கேட்டது. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டேயிருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. பால்மா மூடி மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி அதிர்ந்துகொண்டு கிடந்தது. அப்போதுதான் சேரின் குரல் வந்தது, சின்னப் பிள்ளையின் குரலில். "அது என்ட பெல். பிள்ளையளுக்குக் காட்டுற பெல்."

குதித்தவர்களைத் தூக்கினார்கள். ஒருவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஒரு அம்மா ரீச்சரின் தலையில் தன் துவாயைப் போட்டுவிட்டு அழுதார். முக்காட்டை இழுத்தவர், "காலம் அப்பிடி ரீச்சர், மனசில வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவருடைய மகள் ரீச்சரின் வகுப்புப் பிள்ளை. ரீச்சர் அன்றைக்கும் வகுப்புக்குப் போனார். துவாயைத் தலையில் போட்டபடி கரும்பலகையில் சமன்பாடு எழுதினார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். மணியைச் சேரின் மேசையில் அவரே வைத்துவிட்டு வந்திருந்தார்.

பொலிசுக்குப் போவோம் என்று நான் சொன்னேன். "போய் என்னத்தச் செல்ற கா? நாளைக்கும் இதே பாதையிலதானே வரணும்" என்றார். ஆனால் அதிக நாள் வரவில்லை. இடமாற்றம் கிடைத்தது. விடுவிப்புக் கடிதம் வாங்க வந்த அன்று சேர் விஞ்ஞான கூடத்து வாசலில் காத்து நின்றார். முகம் மெலிந்து, தாடி வளர்ந்திருந்தது.

"மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறதுக்கு எனக்குத் தகுதியில்ல ரீச்சர்" என்றார். "என்ட பெல் எண்டு சொன்னா என்னையும் சேத்துப் பிடிப்பாங்க எண்டு பயந்திட்டன். வாயில என்ன வந்தது தெரியுமா? அம்மாளே, அம்மாளே எண்டு சாமியத்தான் கூப்பிட வந்தது. உண்மை வரல்ல."

ரீச்சர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "எனக்கும் சாகிற நேரம் சொல்ற கலிமா வரல்ல சேர். என்ட மகன்ட முகந்தான் வந்தது" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், "அல்லாஹ்வுக்குப் பயமில்லாத மனிசன் எண்டு உங்களுக்கு இவ்வளவு காலமும் ஏசினன். மனிசருக்கு இவ்வளவு பயம் எண்டு தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சேர் அந்த இடத்திலேயே நின்றார். கோபப்பட்டு ஏசியிருந்தால் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சேருக்கு இப்போது ஓய்வுபெறுகிற வயது நெருங்கிவிட்டது. புதிதாக வந்த இளம் ஆசிரியர்கள் பாதையில் அதே வழக்கைத் தொடங்குவதுண்டு. மதந்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒருவர், மதம் இல்லாமல் போனதுதான் காரணம் என்று இன்னொருவர். நல்ல வாதங்கள், சேரும் ரீச்சரும் பேசியதைவிடப் படித்த வாதங்கள். சேர் எழுந்து மறுபக்கக் கம்பிக்குப் போய்விடுவார். எனக்கும் கேட்கப் பிடிப்பதில்லை. அன்றைக்கு அந்தப் பலகையில் விழுந்து கிடந்தவர்களுக்குள் கும்பிட்டவர்களும் இருந்தார்கள், கும்பிடாதவர்களும் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. திரும்பவும் ஒருநாள் அப்படி வந்தால் ஒருவராவது வாயைத் திறப்பாரா என்றுதான் யோசிக்கிறேன். அந்த யோசனை வந்தால் நித்திரை வராது.

முக்காட்டை இழுத்தவர் இன்றைக்கும் எங்களோடுதான் கடக்கிறார். பொல்லாத மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சடங்குக் காலத்தில் கோயிலில் பொங்கிய சோற்றை வாழையிலையில் கட்டி எனக்கும் கொண்டுவந்து தருகிறார். மாரியில் துறை வழுக்கும். எனக்கு வயதாகிவிட்டது, ஏறுவது கஷ்டம். அவர் முதலில் ஏறி நின்று, "பாத்து ஏறுங்க ரீச்சர், விழுந்திருவீங்க" என்று காப்புக் கட்டிய கையை நீட்டுகிறார். நான் ஒவ்வொரு நாளும் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறேன்.