பதினோரு நிமிடம் ஆடிய மருமகன்

அனதோலின் பந்தாட்ட வாழ்க்கை முழுவதும் றோபேட்டுக்குத் தெரியும். இகழ்வதற்காகவே தேடித் தேடி விசாரித்து வைத்திருந்தார்.

பெலாறூஸில் ஒரு சிறு நகரக் குழுவில் பன்னிரண்டு வருடம் பின்வரிசையில் நின்றவன். அடித்த கோல் இரண்டு. அதில் ஒன்று தன் பக்கத்துக் கம்பத்துக்குள். தேசிய அணி இரண்டு தடவை கூப்பிட்டது, இரண்டு தடவையும் மைதான ஓரத்து வாங்கில் இருத்திவிட்டு அனுப்பியது. முப்பத்தொரு வயதில் சிசிலிக்கு வந்தான், நாலாந்தரப் பிரிவில் கிடந்த ஒரு கழகத்துக்கு. அது கலைந்தது. இப்போது நாற்பத்திரண்டு வயது. பலெர்மோ மொத்தச் சந்தையில் தோடம்பழப் பெட்டி தூக்குகிறான்.

"பந்து வந்தால் வெளியிலை உதைக்கிறது. இதுக்கொரு தொழிலெண்டு பேர்," என்பார் றோபேட்.

இவனைத்தான் அவருடைய மகள் அமலினி ஆறு வருடங்களுக்கு முன் நகரசபையில் பதிந்து கலியாணம் செய்தாள். றோபேட் போகவில்லை. கோயிலில் யாரும் கேட்டால் மகள் மிலானோவில் வேலை என்பார். அவள் இருந்தது பிரான்காச்சோவில், அவர் வீட்டிலிருந்து இருபது நிமிடப் பேருந்து. கேட்டவர்களில் பாதிப் பேர் அன்று காலை அவளோடு அதே பேருந்தில் வந்தவர்கள்.

பலெர்மோவில் குடியேறிய தாழைமுனைக்காரரின் ஊர்க்கழகத்துக்கு றோபேட் ஒன்பது வருடமாகத் தலைவர். நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பந்தாட்டக் கிண்ணத்தை நாலு வருடமாக மற்ற ஊர்க்கழகமான ஆலங்கரைக்காரர் கொண்டுபோனார்கள். ஐந்தாவது முறையும் போனால் தலைவர் நாற்காலியும் போகும். அதில் கண் வைத்திருந்த உமாசுதன் ஏற்கெனவே கோட்டு சூட்டுத் தைத்துவிட்டான் என்று கதை.

செயலாளர் கொட்வின் விதிப் புத்தகத்தோடு வந்தார்.

"அண்ணை, ஏழாம் விதியைப் பாருங்கோ. எங்கடை ஊர்ப் பொம்பிளையைக் கட்டினவையும் விளையாடலாம். மாமன்காரன் கையெழுத்துப் போட்டால் சரி."

"ஆர் மாமன்காரன்?"

"நீங்கள்தான்."

றோபேட் இருமினார். இரண்டு நாள் இருமிவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து பிரான்காச்சோவுக்குப் பேருந்து ஏறினார்.

நாலாம் மாடி. லிஃப்ற் வேலை செய்யவில்லை. அனதோல் குசினியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். றோபேட் அவனைப் பார்க்காமல் மகளிடம் கேட்டார்.

"உந்த ரஷ்யாக்காரன் இன்னும் ஓடுவானோ?"

"பெலாறூஸ், அப்பா."

"எல்லாம் ஒண்டுதான்."

அவர் வந்த காரியத்தை அமலினி இத்தாலியனில் சொன்னாள். அனதோல் கத்தியை வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி மறித்தாள்.

"விளையாடுவார். ஆனால் மைதானத்து மைக்கிலை நீங்கள்தான் சொல்லவேணும். என்ரை மகள் அமலினியின்ரை புருசன், என்ரை மருமகன் எண்டு. முழுசா."

றோபேட் யோசித்தார். மேடைகளில் எத்தனையோ பொய் சொன்னவர். ஒரு உண்மையைச் சொன்னால் தேய்ந்தா போய்விடுவார்? கிண்ணத்தை நினைத்துக்கொண்டு ஓமென்றார்.

இறுதியாட்டத்தன்று கையெழுத்துப் போட்டார். மைக்கைத் தூரத்தில் பிடித்து வசனத்தை முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை அண்ணை, கிட்டப் பிடியுங்கோ," என்றார் கொட்வின்.

இன்னொரு தரம் சொன்னார். இந்த முறை மைதானம் முழுவதும் கேட்டது. ஆலங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"மிலானோவிலையிருந்து எப்ப வந்தவையாம்?"

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் எடுத்தது.

அனதோல் ஓடவில்லை. பேருந்துக்கு நிற்கிறவன்போல நின்றான். பந்து அவன் நின்ற இடத்துக்கே வந்தது, வெளியே உதைத்தான். மறுபடி வந்தது, உதைத்தான். பத்து நிமிடம் ஆலங்கரைக்காரர் ஒருவரும் அவனைத் தாண்டவில்லை. றோபேட் கிண்ணத்தை வீட்டில் எந்தத் தட்டில் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கினார்.

பதினோராவது நிமிடம் அனதோல் திரும்பினான். யாரும் தொடவில்லை. விழுந்தான்.

தாழைமுனை மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது.

குளிர்பானத் தொட்டியிலிருந்து ஐஸ் அள்ளி அமலினி அவன் முழங்காலில் கட்டினாள். றோபேட் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"முழங்கால் பழுதெண்டு ஏன் சொல்லேல்லை?"

"அடிச்ச கோலையெல்லாம் எண்ணி வைச்சிருக்கிறியள். ஏன் விளையாட்டை விட்டவர் எண்டு ஒருக்காலும் கேக்கேல்லையே, அப்பா. ஓடக்கூடாதெண்டு பத்து வருசத்துக்கு முந்தியே டொக்டர் சொல்லிப்போட்டார்."

"தெரிஞ்சுகொண்டோ ஓமெண்டு சொன்னனி?"

"உங்களுக்குக் கிண்ணம் வேணும். எனக்கு அந்த வசனம் வேணும்."

அனதோல் கீழிருந்து கையை நீட்டினான்.

"மாமா."

அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். சுற்றிவர இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டு நின்றது. மைக்கில் சொன்ன மாமன் கையைக் கொடுக்காமல் போக முடியாது. றோபேட் குனிந்தார். தொண்ணூறு கிலோ அவர் தோளில் ஏறியது. மூட்டுவலித் தைல மணம் வந்தது. கார் நின்ற இடம் நாற்பது அடி தூரம்.

"வழி விடுங்கோ, வழி விடுங்கோ," என்றார் கொட்வின் மைக்கில். "றோபேட் அண்ணையும் மருமகனும் வருகினம்."

றோபேட் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கொட்டகைக்குள் அவருடைய நாற்காலியில் உமாசுதன் இருந்தான். வெயிலுக்கு ஒதுங்கி இருந்தவன்போலத் தெரியவில்லை.