சுவரில் முட்டிப் பார்க்கிறவள்

என் மனைவிக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். கேலி இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். வீடியோ கேம் செய்கிற ஒரு கம்பெனியில், ஆட்டம் வெளியே போகும் முன் அதில் எங்கே கோளாறு என்று தேடுவது அவள் வேலை. எல்லோரும் ஓடுகிற பக்கம் இவள் ஓடமாட்டாள். சுவரைக் கண்டால் முட்டிப் பார்ப்பாள், பள்ளத்தைக் கண்டால் விழுந்து பார்ப்பாள்.

அதற்கு முன்னால் சட்டை தைக்கும் ஆலையில் பொத்தான்களை இழுத்துப் பார்க்கும் வேலை. அங்கே ஒட்டிக்கொண்ட குணமா, பிறவிக் குணமா, கடவுளுக்கே வெளிச்சம். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது, நான் நிஜமாகவே லிப்ட் மெக்கானிக்தானா என்று பார்ப்பதற்காக, ஆலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிப்ட் நின்றுவிட்டதாகப் புகார் கொடுத்து என்னை வரவழைத்தவள் அவள். நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றதை மறைந்திருந்து பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னாளாம். இப்போதும் அவள் தெருமுனையில் திரும்பினாலே காய்கறிக்கடைக்காரர் தராசைத் துடைத்து வைத்துவிடுவார்.

கம்பெனி அப்போது செய்துகொண்டிருந்த ஆட்டம் பழைய காலத்து விண்வெளித் தொடர்களின் பாணி. தகரத் தொப்பி போட்ட ஒருத்தன், முதுகில் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு, திட்டுக்குத் திட்டு தாவிப் போவான். ஒவ்வொரு பாகமும் அவன் சாகப்போகிற நேரத்தில் 'தொடரும்' என்று நின்றுவிடும். கோள் முழுவதையும் ஆட்டிப்படைக்கிற முகமூடி ராஜா யார் என்பதுதான் ஆட்டத்தின் உயிர். கடைசிப் பாகத்தில் முகமூடி கழன்று விழும். உள்ளே இருப்பது யார் என்று கம்பெனியிலேயே நான்கைந்து பேருக்குத்தான் தெரியும்.

கடைசி வாரங்களில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவளுக்கு ஒரு மெஷினைக் கொடுத்திருந்தார்கள். கடைசிப் பாகம் ஓடும்போது என்னை எழுப்பி அடுத்த அறைக்கு விரட்டுவாள். ஆனால் ஒரு நாள் நான் பார்த்துவிட்டேன். முகமூடியை அல்ல, லிப்டை. ஆகாயத்தில் ஒரு திட்டு மேலும் கீழும் போகிறது, கதவும் கிடையாது, கம்பியும் கிடையாது! என்னுடன் வேலை பார்க்கிறவர்களிடம் காட்டிச் சிரிக்கலாம் என்று போனை எடுத்து அதை மட்டும் படம் பிடித்தேன். அவள் திரும்பிப் பார்த்து முறைத்தாள். நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அதை மறந்தே போய்விட்டேன்.

அந்த வாரமே, முகமூடி கழலும் காட்சி ஊரெல்லாம் பரவிவிட்டது. திரைக்கு எதிரே போனைப் பிடித்து யாரோ எடுத்த படம். மெஷினோடு வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். போனவள் மதியமே வெறும் பையோடு வீட்டுக்கு வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மெஷினத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

"ஏன்? நீ என்ன பண்ணே?"

"அந்தப் படம் எங்கிட்டேருந்துதான் வெளிய போச்சுன்னு சொல்றாங்க." இதைச் சொல்லும்போது என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

ஒரு தவறு விடாமல் பிடிக்கிறவளைப் பிடித்துத் திருடி என்கிறார்களா! "நான் வந்து நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்" என்று கிளம்பினேன். அவள் கதவை மறித்து நின்றுகொண்டாள்.

"நீங்க அங்க போகவே கூடாது. வாயத் தொறக்கவே கூடாது. சொல்லிட்டேன்."

அது எனக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் குளித்துவிட்டு வந்தபோது புரிந்தது. என் போன் அவள் கையில் இருந்தது. நான் எடுத்த லிப்ட் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"இத எடுத்தது யாரு?"

"நான்தான். அது லிப்டும்மா! சிரிக்கறதுக்கு எடுத்தது. யாருக்கும் அனுப்பக்கூட இல்ல."

"இது மட்டும்தானா? மிச்சத்த அழிச்சிட்டீங்களா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவனைக் கேட்கிற கேள்வி. எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. "பெத்த தாய் மேல கூட சந்தேகப்படுவே நீ!" என்று கத்திவிட்டு, சாப்பிடாமலே வேலைக்குப் போனேன். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. தட்டை வைப்பாள், நான் சாப்பிடுவேன், அவ்வளவுதான். என்னோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள் என்னைப் போய் இப்படி நினைத்தாளே என்பது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் இன்னொரு படம் வெளியே வந்தது. அதே காட்சி, வேறு பக்கத்திலிருந்து எடுத்தது. இப்போது எங்கள் வீட்டில் மெஷினே இல்லை. அவள் முதல் படத்தையும் இரண்டாவதையும் மாற்றி மாற்றி ஓட்டினாள். பிறகு, வாய் பேசாத நாட்கள் நடந்துகொண்டிருக்கின்றன என்பதையே மறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க! இது நான்!"

"என்னது?"

"ஆடறது நான். இந்தக் கூரையில ஓட்ட இருக்கான்னு ஒரு நாள் முட்டிப் பாத்தேன். தோ, முட்டறான் பாருங்க. கீழ விழறான், திரும்பி நின்னு மறுபடியும் முட்டறான். அந்தப் படத்துலயும் இதே மாதிரி, துளி மாறாம. மனுஷங்க ரெண்டு தடவ ஒரே மாதிரி முட்ட மாட்டாங்க. இது தானா ஓடிட்டிருக்கு."

உடனே கண்ணாடிக்காரனுக்குப் போன் போட்டாள். ஆட்டத்துக்கு நிரல் எழுதுகிற பையனைக் கம்பெனியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "தம்பி, நான் ஆடினத எங்கயாவது பதிஞ்சு வெச்சிருக்கியா?"

குட்டு வெளிப்பட்டது. கம்பெனி வரவேற்பறையில் இன்னொரு மெஷின் இருந்தது. யாரும் தொடாமல் விட்டால் அது தானே ஆடிக் காட்ட வேண்டும், வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். கண்ணாடிக்காரன், ஆட்டம் பிரமாதமாக இருக்கட்டும் என்று இவள் ஆடிய கடைசிப் பாகத்தையே எடுத்துப் போட்டிருக்கிறான். முகமூடி கழலும் முன் நின்றுவிடத்தான் வைத்திருந்தான். ஆனால் எவ்வளவு நேரம் ஓடட்டும் என்பதைத் தான் ஆடும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான்! அவன் தத்தித் தத்திப் போகிற தூரத்தை இவள் நடுவில் நின்று முட்டிப் பார்த்தாலும் முன்னாடியே தாண்டிவிடுவாள். அதனால் ஆட்டம் நிற்பதற்குள் முகமூடி கழன்றுவிட்டது. அந்த வரவேற்பறை முன்வாசலில் இருக்கிறது. வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் பின்வாசல் வழியாகப் போகிறவர்கள். வாசலில் காத்திருந்தவர்கள் போனில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சற்று நேரத்தில் முதலாளியே கூப்பிட்டார். நான் கேட்க வேண்டும் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள். கன்னம் சிவந்து, ஜெயித்துவிட்ட தோரணையில் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு எங்க மேலதான்க்கா. மன்னிச்சிடுங்க. நாளைக்கே வந்துடுங்க" என்றார் அவர். "ஆனா ஒண்ணு மட்டும் புரியலக்கா. செய்யாத தப்ப ஏன் ஒத்துக்கிட்டீங்க? வீட்ல வேற யாராவது எடுத்திருப்பாங்களான்னு கூடக் கேட்டேனே. 'அவருக்கு அந்த மெஷினத் தொடக்கூடத் தெரியாது, நான்தான் எடுத்தேன்'னு சாதிச்சீங்களே..."

அவள் பாய்ந்து போனை அணைத்தாள். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அவர்களாகப் பழி போட்டு அனுப்பவில்லை, இவளாகப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அப்ப, நான்தான் எடுத்தேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டே?"

"பண்ணிட்டேன்." பார்வை தரையில் இருந்தது.

என்னைத் திருடன் என்று நம்பிவிட்டாளே என்று அறையலாம் போல ஆத்திரம் வந்தது. அப்படி நம்பிக்கொண்டே அத்தனை பேர் எதிரில் எனக்காகத் தலைகுனிந்து நின்றிருக்கிறாளே என்று அழுகையும் வந்தது.

"அவ்ளோ சந்தேகத்த வெச்சுக்கிட்டு, என்னை ஏன் காட்டிக் குடுக்கல?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கேட்கக் கூடாததைக் கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"திருடினா மட்டும், நீங்க என் வீட்டுக்காரர் இல்லன்னு ஆயிடுமா?"