சத்தம் நின்ற பின்னேரம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு வளவில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம் அது. ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு ரம்புட்டான் மரம். முன்வீட்டில் வீட்டுக்காரி. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். பின்வீட்டில் நானும் கணவரும் மூன்று வயது மகளும். நான் நாவலப்பிட்டிக்காரி. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கச்சேரியில் அரசாங்க வேலைக்கு வந்தவர். ஆளுக்கொரு தமிழ் பேசினோம், சண்டையில் மட்டும் எல்லாருக்கும் எல்லாம் விளங்கும்.

என் மகளுக்கு வாய்த்த தொண்டை இருக்கிறதே, அப்பப்பா! பால் ஆறினால் அழுகை, தலை வாரினால் அழுகை, காகம் பறந்து போனால் அதற்கும் ஒரு அழுகை. தாத்தாவுக்கோ பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர வேண்டும். தினமும் ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்.

“புள்ளைய அழ உடாதீங்க! ஏன்ட தல வெடிக்கிது.”

“என்ன செய்ய தாத்தா, ரேடியோவா இருந்தா திருகிக் கொறைச்சிருவேன்!”

எனக்கும் வாய் சும்மா இராது. படாரென்று ஜன்னல் சாத்தப்படும். பொழுது சாய்வதற்குள் அதே ஜன்னலால் ஒரு கிண்ணம் இனிப்பு வட்டிலப்பமும் வரும். “ஒங்களுக்கில்ல, புள்ளக்கி” என்று சொல்லித்தான் தருவார்.

அந்த வருஷம் மரம் காய்த்துக் கொட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கணவர் வாசற்படியில் உட்கார்ந்து பழத்தை உரித்து, கொட்டையோடு முழுசாக மகளின் வாயில் வைத்திருக்கிறார். அவள் சும்மா இருந்து தின்கிற பிள்ளையா? வாயில் பழத்தோடு மரத்தைச் சுற்றி ஓட்டம், சிரிப்பு. பிறகு இருமல் கேட்டது. வெளியே வந்தேன். கண்ணில் தண்ணீர் வர வர இருமிக்கொண்டிருந்தாள்.

“பயப்பிடாதை. சோத்து உருண்டை ஒண்டு விழுங்கக் குடுப்பம், இறங்கியிடும்” என்று சொல்லிக்கொண்டே அவர் குசினிக்குள் ஓடினார். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் பிறந்தவர். தொண்டையில் முள் சிக்கினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்குவது அவர்கள் வீட்டுக் கைவைத்தியம். ஆனால் இது சாப்பாடு போகிற வழியில் சிக்கவில்லை, மூச்சுப் போகிற வழியில் சிக்கியிருந்தது.

இருமல் சட்டென்று நின்றது.

உருண்டையோடு திரும்பி வந்தவர், “பாத்தியே, அடங்கியிட்டுது” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் பிள்ளையைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் இல்லை. இரண்டு கையும் கழுத்தில். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நிறம் மாறுகிறது.

சில மாதங்களுக்கு முன் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு பொம்மையைத் தொடையில் குப்புறப் போட்டு, முதுகில் அடித்தும், பிறகு நிமிர்த்திப் பின்னாலிருந்து வயிற்றை அழுத்தியும் காட்டியிருந்தார். பொம்மைக்கு விழுந்த அடியைப் பார்த்துத் தாய்மார் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். “சிரிங்க, சிரிங்க. இருமுற புள்ளைய இரும விடுங்க. சத்தமே வராம வாயத் தொறந்தா, அப்பதான் ஆபத்து. அப்ப யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க” என்றார் அவர்.

நான் யோசிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, பிள்ளையைத் தலை கீழே சாயும்படி தொடையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஓங்கி அடித்தேன். வரவில்லை. இன்னும் அடித்தேன். கணவர் குறுக்கே குனிந்து உருண்டையை அவள் வாய்க்குக் கொண்டுவந்தார்.

“புள்ளட சத்தம் நிண்டிட்டே! என்னா நடந்த?”

தாத்தா! முக்காடு இல்லாமல், செருப்பு இல்லாமல், தூக்கக் கண்ணோடு ஓடி வந்தார். தினமும் சத்தத்துக்குச் சண்டை பிடித்த மனுஷி, சத்தம் இல்லை என்று விழித்திருக்கிறார். வந்த வேகத்தில் என் கணவரின் கையைத் தட்டிவிட்டார், சோறு மண்ணில் சிதறியது. “அடைச்சிருக்கிறதுக்கு மேல இன்னும் அடைக்கப் போறீங்களா!”

நான் பிள்ளையை நிமிர்த்தி, பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளுக்கும் மேலுக்குமாக வெட்டி இழுத்தேன். முருகா, முருகா என்று கத்தினேன். பக்கத்தில் தாத்தா அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பவும் இழுத்தேன். கொட்டை துள்ளிப் போய் முற்றத்தில் விழுந்தது.

ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு அழுதாள் பாருங்கள்! அந்த வளவு அதுவரை கேட்டிராத அழுகை அது. கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாத்தா பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, “அழுங்க மகள், நல்லா அழுங்க. நான் இனி ஒண்டும் சொல்ல மாட்டன்” என்று தானும் அழுதார்.

வயிற்றை அழுத்தியதால் உள்ளே ஏதும் பட்டிருக்குமோ என்று அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். டொக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். தாத்தாவின் வாக்குறுதி அந்தக் கிழமையே காற்றில் போனது. ஜன்னல் திறந்தது, தலை வெடித்தது, நானும் ரேடியோக் கதையைத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு சந்தோஷமாகச் சண்டை பிடித்தோம்! அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

தாத்தா கண்மூடி மௌத்தான செய்தி வந்தபோது நாங்கள் திகனைக்குக் குடிபோயிருந்தோம், மகள் வளர்ந்திருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மையித்து வீட்டில் சத்தம் போட்டு அழக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வழியெல்லாம் சொல்லித்தான் கூட்டிப் போனேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் இவளுக்கு அடங்கவில்லை, பழைய தொண்டை அப்படியே திறந்துகொண்டது. எனக்கு வெட்கமாகப் போய், அவள் வாயைப் பொத்தப் போனேன்.

தாத்தாவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உடுங்க, அழட்டும். உம்மாக்குப் பழகின சத்தந்தானே.”