அண்ணி படிக்காத முந்நூறு புத்தகங்கள்

“முந்நூறு புத்தகம் கோத்திருக்கேன். ஒண்ணுலகூட ஒரு வரி படிச்சதில்ல!”

என் அண்ணி இதை முழங்கியது ஒரு புத்தக வெளியீட்டு மேடையில், ஒலிபெருக்கிக்கு முன்னால். புத்தகத்தை எழுதிய கவிஞர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். “எந்தக் கவிதைங்க உங்களை உலுக்கிச்சு?” என்று அவர் ஆசையாகக் கேட்டு வைத்ததுதான் வினை. “எதுவும் உலுக்கலைங்க. எல்லாம் இடது ஓரத்துல ஆடாம அசையாம நிக்குது” என்றார் அண்ணி. கூட்டம் கைதட்டியது. கவிஞர் தண்ணீர் குடித்தார்.

அண்ணியின் தொழில் பக்க வடிவமைப்பு. ஆனால் வட்டாரத்து அச்சகங்கள் அவரை அறிந்திருப்பது ‘எழுத்து டாக்டர்’ என்றுதான். எங்கே எழுத்து நோய்வாய்ப்பட்டாலும் போன் இவருக்கு வரும்.

“அக்கா, திறந்தா எல்லாம் கட்டம் கட்டமா வருது!”

“ஒரே எழுத்துருவை ரெண்டு தடவை ஏத்தியிருப்பே. பழசைத் தூக்கு. மென்பொருளை மூடித் திற.”

“மூடித் திறந்துட்டேன்க்கா.”

“மூடினியா, இல்ல சும்மா கீழே இறக்கி வெச்சியா?”

மறுமுனையில் விசை தட்டும் சத்தம். பிறகு ஈனக்குரலில் ஒரு நன்றி. நாடி பிடிக்காமலே வைத்தியம் பார்க்கும் இந்தக் கலையை நான் வேறு எந்த டாக்டரிடமும் கண்டதில்லை. ஃபீஸும் கிடையாது.

படிக்காமல் இருப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அச்செடுத்த தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார். நேராகப் பிடித்தால் கண் கதைக்குள் விழுந்துவிடுமாம். தலைகீழாகப் பிடித்தால்தான் சொற்களுக்கு நடுவே வெள்ளை ஓடை ஓடுவது தெரியுமாம்; பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்து உச்சியில் அநாதையாக நிற்பதும் தெரியுமாம். புதிதாக வீட்டுக்கு வருபவர்கள், பாவம், இந்தம்மாவுக்கு எழுத்தே தெரியாது போல என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

இப்பேர்ப்பட்டவரின் கணவர், அதாவது என் அண்ணன், புத்தகம் எழுதினார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தன் அனுபவங்களைக் கம்பெனி கழித்துக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிச் சேர்த்து வைத்தார். ஊர் படிக்க வேண்டும் என்ற பேராசையெல்லாம் அவருக்கு இல்லை. ஒருத்தி படித்தால் போதும். அந்த ஒருத்திதான் எதையும் படிப்பதில்லை என்று மேடை போட்டுச் சொன்னவர்.

அதில் ஓர் அத்தியாயம் இருந்தது, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட, உள்ளே தாள் கட்டுகளோடு ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். இளைஞரான அண்ணன் கதவை நெம்பித் தலையை நீட்டினார். அவள் அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை. “அந்தப் பலகையில ‘ஆறு பேர் மட்டும்’னு எழுத்து சாய்ஞ்சிருக்கு. அதையும் சரி பண்ணிடுங்க” என்றாள். அண்ணன் சரி பண்ணினார். கல்யாணமும் பண்ணிக்கொண்டார்.

அண்ணனின் புத்தகக் கோப்பை அண்ணி தன் கம்ப்யூட்டரில் திறந்தபோது நானும் கூட இருந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் வெட்டுக்கோடுமாக, விசைப்பலகையில் பூனை படுத்துப் புரண்ட மாதிரி இருந்தது. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

“போச்சா?”

“எங்கயும் போகல. பழங்கால எழுத்துருவுல அடிச்சிருக்கீங்க. அது இங்க இல்ல, அவ்வளவுதான்.”

பழைய எழுத்துருவைத் தேடி நிறுவினார், தமிழ் வந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றிப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஊற்றினார்; கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பாகப்பிரிவினை நடந்தது. மென்பொருளைப் புதிதாக நிறுவினால் பத்தி அமைப்பு ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுமாம். எங்கோ ஒரு மூலையில் அதை மாற்றிவிட்டார், பிரிந்தவர்கள் கூடினார்கள். அண்ணன் கைகூப்பாத குறை.

அடுத்த வாரம் முழுக்க அண்ணன், அண்ணியின் அறை வாசலில் நடமாடினார். ஏதோ தேடுகிறவர் போல ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

“எப்படி இருக்கு?”

“ரெண்டாம் அத்தியாயத்துல வரி நெருக்கமா இருக்கு.”

“அதில்லம்மா... விஷயம் எப்படி?”

“அதை நான் எங்க பார்த்தேன்?” தாள் தலைகீழாகத்தான் இருந்தது.

அண்ணன் என்னிடம் வந்தார். “கிணத்துல போட்ட கல்லுடா” என்றார். லிஃப்ட் கயிறு அறுந்த அன்றுகூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. அச்சில் ஒரு தாளுக்குப் பதினாறு பக்கம். தொண்ணூற்றாறில் முடிந்தால் ஆறு தாள், கச்சிதம். புத்தகமோ தொண்ணூற்றேழாம் பக்கத்தில் ஒரு பத்தி அளவு எட்டிப் பார்த்தது. அதற்காக இன்னொரு தாள் ஓட்ட முடியாது. எழுத்தைச் சின்னதாக்கவும் அண்ணி மறுத்துவிட்டார். “இதை வாங்கப்போறது இவரோட பழைய மெக்கானிக்குங்க. எல்லாம் சோடா புட்டி கண்ணாடி.”

“ஒரு பத்தியை வெட்டணும்” என்றார் எங்கள் இருவரிடமும். “எதுன்னு சொல்லுங்க.”

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை மேஜை மேல் வைத்தார். “அந்தப் பலகைக் கதையில வெட்டு. வீட்டுச் சங்கதி, ஊருக்கு எதுக்கு? உனக்கும் எல்லாம் ஒண்ணுதானே.”

அண்ணி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது இருக்கட்டும். கிளிக்கூண்டைத் தனியா லிஃப்டுல ஏத்தி அனுப்பி, அது நடுவுல மாட்டிக்கிட்ட கதையை ரெண்டு தடவை சொல்லியிருக்கீங்க. முதல் தடவை நல்லா இருக்கு. ரெண்டாவது தடவை கிளி ரொம்பப் பேசுது. அதை எடுத்துடலாம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு இருவரும் சேர்ந்து அண்ணியின் கையைப் பார்த்தோம். தாள் நேராக இருந்தது.

அண்ணி அதைச் சட்டென்று தலைகீழாகத் திருப்பிக்கொண்டு, வெள்ளை ஓடை தேட ஆரம்பித்தார்.