பாக்கியமேரியும் கல் சன்னலின் உள்பக்கமும்

என் அண்ணி பாக்கியமேரி கேள்வி கேட்டே ஆளைக் கொல்வாள். சப்பாத்தி ஏன் உப்புகிறது, சாலவாக்கம் பஸ்ஸில் கடைசி சீட்டு மட்டும் ஏன் அப்படித் தூக்கிப் போடுகிறது, சாமியார் அங்கிக்கு எத்தனை மீட்டர் துணி பிடிக்கும். பதில் தெரியாவிட்டால் எனக்கு எரிச்சல் வரும். தெரிந்து சொன்னால் அடுத்த கேள்வி வரும். என் அண்ணன் கொடுத்துவைத்தவன், அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

மானாம்பதியில் பஸ் நிற்கும் இடத்தருகே நாங்கள் இருவரும் தையல் கடை வைத்திருக்கிறோம். நான் ஜாக்கெட் தைப்பேன், அவள் சுடிதார். மிச்சம் விழும் வெட்டுத்துணிகளைச் சேர்த்து அவள் போர்வை செய்வாள். ஒட்டுப்போட்ட போர்வை எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் அண்ணியின் போர்வைக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு பக்கம் ஏரி மதகு என்றால், புரட்டினால் மதகைத் தாண்டி ஓடும் தண்ணீர் இருக்கும்.

போன தை மாதம் அவள் பிடித்துக்கொண்டது கச்சேரி வீட்டுக் கல் சன்னலை. தாமோதரன் ஐயா குடும்பத்தின் பழைய வீடு அது. அவர்கள் எதிரிலேயே புது வீடு கட்டிப் போய்விட்டார்கள். ஒரே பலகைக் கல்லில் கொடியும் முடிச்சுமாகக் குடைந்து, நடுநடுவே நட்சத்திர ஓட்டை விட்ட சன்னல். அறுப்பு முடிந்த சாயங்காலங்களில் எங்கள் தெருப் பெண்கள் கூலி நெல்லுக்காக அதன் கீழேதான் நிற்பார்கள். குரல் கொடுத்துக் கூப்பிடக் கூடாது, அது வழக்கம். ஐயாவின் அப்பா தானாக வெளியே வரவேண்டும். இருட்டும் நேரத்துக்கு வந்து, "எப்ப வந்தீங்க? நான் பாக்கவே இல்லையே" என்பார்.

அண்ணியும் சின்னப் பிள்ளையாக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றவள்தான். நிற்கிற நேரம் முழுக்கச் சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். அவள் விவரம் அறியுமுன்னே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு போட்டோ கூடக் கிடையாது.

போர்வையின் முன்பக்கம் அச்சு அசலாக வந்துவிட்டது. பின்பக்கத்தில்தான் வேலை நின்றது.

"லைனிங் துணி போட்டு மூடேன் அண்ணி" என்றேன்.

"உள்பக்கம் எப்டி கீதுன்னு தெரியாம எப்டிடி மூடறது?"

"இன்னா கீது, சொவுருதான். அது பொய்ச் சன்னல்."

ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஓட்டைகள் அத்தனை கறுப்பு.

"சொவுருன்னா, உள்ள போன அணிலு சொவுத்தத் துன்னுக்கினா குந்திகீது?" என்றாள்.

அந்த வாரம்தான் சேதி வந்தது. கடற்கரைப் பக்கம் ஏதோ ஹோட்டலுக்கு அந்தக் கல்லை விலை பேசிவிட்டார்களாம், வியாழக்கிழமை லாரி வருகிறதாம். அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

"கல்லப் பேத்துட்டா அப்பால உள்பக்கமே கெடையாதுடி. நான் அத ஒரு தடவ பாக்கணும்."

எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. "வேலில போற ஓணான எடுத்து மடில விட்டுக்காத" என்று திட்டிக்கொண்டே நானும் கூடப் போனேன்.

தாமோதரன் ஐயா சிரித்தார். "உள்ள இன்னாம்மா கீது, வவ்வாப் புழுக்கதான். வா, காட்டறேன்" என்று அவரே சாவியை எடுத்து வந்தார். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் போனாள். நான் வீம்பாக வாசலிலேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சன்னலிலிருந்து குரல் வந்தது. "சோபியா, மூக்க நோண்டாதடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் தெரியறனா?"

"செருப்பு வாரு அறுந்துகீது பாரு, அதுகூடத் தெரியுது."

கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். அவளுடைய கண்கூட எனக்குத் தெரியவில்லை. ஓட்டைகள் வெளிப்பக்கம் குறுகலாக இருந்து, உள்ளே போகப்போகத் தட்டகலத்துக்கு விரிகின்றன என்று வெளியே வந்து சொன்னாள். அதை ஒட்டி ஒரு கல் மேடையும் இருக்கிறதாம். "அங்க குந்திதான் துன்னுவோம். காத்து பிச்சிக்கினு வரும்" என்று ஐயா கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

"பாக்கவே இல்லைன்னு அவுங்கப்பா சொன்னாரே" என்று வழியில் அண்ணிதான் ஆரம்பித்தாள். நான் அந்தக் கிழவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"இவுரு அப்ப வயசுப் பையன். இவுரு பாத்திருப்பாரா?" என்றாள்.

கடையைக் கூடத் திறக்காமல் உட்கார்ந்து பின்பக்கத்தைத் தைத்து முடித்தாள். கறுப்புச் சட்டத்தில் அகலமான ஓட்டைகள், அவற்றுக்கு அப்பால் வெயில் நிறத்தில் வாசல், வாசலில் வரிசையாகப் பெண்கள். ஓரத்தில், ஒரு குழந்தையைக் கையில் பிடித்தபடி சிவப்புச் சேலையில் ஒருத்தி.

வியாழக்கிழமை லாரி வந்ததும் போர்வையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள். ஆட்கள் கடப்பாரையோடு கல்லை அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயா முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "அப்டியே வெச்சிருக்கியே" என்று மெச்சினார். பிறகு புரட்டினார். ஓரத்துச் சிவப்புச் சேலை மேல் விரலை வைத்தார்.

"இது உங்கம்மாவா?"

"ஆமாங்க ஐயா."

"செவப்பு இல்லம்மா. உங்கம்மா எப்பவும் ஒரு பச்ச சீலதான் கட்டிக்கினு வருவா. மஞ்ச கரை போட்டது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முகம் மாறி, கல்லை இறக்குகிற ஆட்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து அமுக்கினாள். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, பிளேடால் சிவப்புத் துண்டின் தையலைப் பிரித்தாள். கொண்டுவந்திருந்த வெட்டுத்துணிப் பையைக் கவிழ்த்துப் பச்சைத் துணிகளை மட்டும் பொறுக்கி வரிசையாக வைத்தாள்.

"எந்தப் பச்சங்க ஐயா? இதுவா, இதுவா?"

அவர் குனிந்து ஒரு துண்டைத் தொட்டார். அண்ணி அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா கட்டிய சேலையின் நிறம் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.